சாலைக்கும் ஒரு தேதி உண்டு

தெற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் மரீ என்றொரு சிற்றூர். அங்கிருந்து இரண்டு மண் சாலைகள் புறப்படுகின்றன. ஒன்று வடக்கே 517 கிலோமீட்டர் ஓடி, குவீன்ஸ்லாந்து எல்லையைத் தாண்டி பேர்ட்ஸ்வில் போய்ச் சேர்கிறது. இன்னொன்று வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா வழியாக 600 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து சென்று மார்லாவில் ஸ்டூவர்ட் என்ற தார் நெடுஞ்சாலையைத் தொடுகிறது. புறப்படும் இடத்தில் ஒரு பெரிய பலகை நிற்கிறது. ஒவ்வொரு சாலையின் பெயருக்கும் எதிரே, திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு மட்டுமா என்று போட்டிருக்கும். முதன்முறை வருகிறவர் அதைப் படித்ததும் சாலையைப் பற்றித் தெரிந்துகொண்டதாக நினைப்பார். உண்மையில் அது சொல்வது கொஞ்சம்தான். மூடுவதற்கான காரணம் எதுவும் இதுவரை அதிகாரிகளின் காதுக்கு வரவில்லை, அவ்வளவே.

ஆஸ்திரேலியச் சாலைகளின் மொத்த நீளத்தில் பாதிக்கும் மேல் தார் காணாதவை. அவற்றில் மிகத் தொலைவானவை அவுட்பேக் எனப்படும் உள்நாட்டில் கிடக்கின்றன. இந்தச் சாலைகளைப் பற்றிய பேச்சும் எழுத்தும் பெரும்பாலும் வண்டியைச் சுற்றியே நடக்கின்றன: எந்த வண்டி, எந்த டயர், எத்தனை லிட்டர் டேங்க். எனக்கு இதில் கொஞ்சம் மாறுபாடு உண்டு. வண்டிக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை மண்ணுக்கும், தண்ணீருக்கும், கையிலிருக்கும் தகவல் எத்தனை நாள் பழையது என்பதற்கும் கொடுத்தால், பல விபத்துகளும் செலவுகளும் நேர்ந்திருக்காது. ஒரு மண் சாலையின் தரம் என்று நிலையாக எதுவும் கிடையாது. இந்த வாரம் குடும்பக் காரில் போய்வந்த சாலையில் அடுத்த வாரம் லாரி புதைந்து நிற்கும்.

சாலைகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதற்கு அவை பிறந்த கதையே பாதி விடை. ஊட்னடாட்டா பாதை, நிலத்தடி நீர் தானாக மேலே கசிந்து மேடு கட்டும் ஊற்றுகளின் வரிசையைப் பின்பற்றிச் செல்கிறது. தொல்குடி மக்கள் காவிமண் போன்ற சரக்குகளைக் கைமாற்ற நடந்த வழி அது. அதையே 1872-இல் முடிந்த தந்திக் கம்பித் தடமும், பிறகு பழைய கான் ரயில் பாதையும் பிடித்துக்கொண்டன. தண்ணீர் இருக்கும் இடத்தைத் தொட்டுத்தான் எவரும் போக முடிந்தது. பேர்ட்ஸ்வில் பாதையோ மாடுகளின் வழி. குவீன்ஸ்லாந்துப் பண்ணைகளிலிருந்து மாடுகளை மரீ ரயில் நிலையத்துக்கு நடத்தி வந்தார்கள். வழியில் அவை குடிக்க அரசு ஆழ்துளைக் கிணறுகளைத் தோண்டிவைத்தது. ஒட்டகக்காரர்கள் சரக்கு சுமந்தார்கள். 'ஆப்கானியர்' என்று பொதுவாக அழைக்கப்பட்ட அவர்களில் பலூசிஸ்தானத்துக்காரர்களும் பஞ்சாபியரும் இருந்தார்கள். 1936-இல் டாம் க்ரூஸ் அந்தப் பாதையில் லாரியில் தபால் கொண்டுபோகத் தொடங்கினார். மணல் மேடு வந்தால் இரும்புத் தகடுகளை இறக்கி, சக்கரத்துக்கு முன்னே விரித்து, ஏறியதும் பின்னால் போய் எடுத்துவந்து மறுபடி விரிப்பார். 1954-இல் வெளியான 'தி பேக் ஆஃப் பியாண்ட்' என்ற ஆவணப்படம் அவரை நாடறியச் செய்தது.

மேற்கே கதை வேறு. அங்குள்ள பல தடங்களை 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் லென் பீடெல் என்ற நில அளவையாளரின் குழு வெட்டியது. ஊமெராவில் நடந்த ஆயுதச் சோதனைகளுக்காக, ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர். அவற்றில் புகழ்பெற்றது கன்பேரல் ஹைவே. பெயரில் ஹைவே இருந்தாலும் அதன் சில பகுதிகள் இன்று வாய்க்கால் போலக் குழிந்து, புல் மூடிக் கிடக்கும் ஒற்றைத் தடம். ராக்கெட்டுகளின் தேவை முடிந்தது, பராமரிப்பும் முடிந்தது. மாட்டு லாரியும் எரிவாயுக் குழாய் லாரியும் ஓடும் ஸ்ட்ரெலெக்கி பாதைக்கு இப்போது பகுதி பகுதியாகத் தார் விழுகிறது. மூம்பா எரிவாயு வயல் அந்த வழியில் இருப்பதுதான் காரணம். ஆக, ஒரு சாலையைப் பற்றி வரைபடத்தில் இருக்கும் கோட்டின் தடிமனைவிட அதில் என்ன சரக்கு போகிறது என்பது கூடுதலாகச் சொல்லும். சரக்கு போகும் சாலைக்கு, அதைச் சுரண்டி நிரவும் கிரேடர் வரும்.

இனி மண்ணுக்கு வருவோம். குவீன்ஸ்லாந்தின் மேற்கிலும் நியூ சவுத் வேல்ஸின் வடமேற்கிலும் உள்ள கருமண், கோவில்பட்டிக்காரருக்கு அறிமுகமே தேவையில்லாத மண். அது நம் கரிசலின் இனம்தான். காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் ஊதிப் பசையாகும். ஒரு சிறு தூறல் போதும், சக்கரத்தில் அடுக்கடுக்காக அப்பி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இறுகி, சக்கரம் சுற்றாமலே நின்றுவிடும். நான்கு சக்கரமும் இயங்கினாலும் நான்கும் ஒன்றாகத்தான் வழுக்கும். கரிசலில் மழைக்காலத்து மாட்டுவண்டி ஓட்டியவர்கள் செய்ததையே அங்குள்ள பண்ணைக்காரர்களும் செய்கிறார்கள்: வண்டியை நிறுத்திவிட்டுக் காயும் வரை காத்திருக்கிறார்கள். வெயிலும் காற்றும் இருந்தால் ஓரிரு நாள், இல்லாவிட்டால் ஒரு வாரம்.

மணலின் குணம் இதற்கு நேரெதிர். மழை பெய்தால் மணல் இறுகும், ஏறுவது எளிதாகும். காலைக் குளிர்ச்சியில் கெட்டியாக இருக்கும் மேடு பிற்பகல் சூட்டில் இளகிக்கொடுக்கும். சிம்ப்சன் பாலைவனத்தில் 1,100-க்கும் மேற்பட்ட மணல் மேடுகள் இணை இணையாக வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன. அவற்றின் கிழக்குச் சரிவுகள் செங்குத்தானவை, மேற்குச் சரிவுகள் சாய்வானவை. அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போவதே எளிது. கடைசியில் நிற்கும் 'பிக் ரெட்' ஏறத்தாழ 40 மீட்டர் உயரம். பேர்ட்ஸ்விலிலிருந்து 35 கிலோமீட்டர்தான் என்பதால், பாலைவனத்தைக் கடக்காதவர்களும் அதில் ஏறி ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். மேட்டின் மறுபக்கத்தில் வருகிறவரைப் பார்க்க முடியாது. ஆகவே வண்டியின் முன்னால் உயரமான கம்பில் கொடி கட்டுவது அங்கே சட்டம், அலங்காரமில்லை. இந்தப் பாலைவனத்தின் தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியை ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வெயிலை முன்னிட்டு மூடிவிடுகிறார்கள்.

ஸ்டர்ட் கற்பாலைவனத்தில் கிப்பர் எனப்படும் கூழாங்கற்கள், காற்றிலும் மணலிலும் பளபளப்பாகித் தரையை மூடிக் கிடக்கும். தோற்றத்தில் உறுதியான தரை. டயருக்கோ கத்தி விரித்த பாய். உப்பு ஏரிகளின் ஓரமும் அப்படியே ஏமாற்றும். மேலே காய்ந்த வெள்ளை ஓடு, கீழே களி. ஆனால் கண்ணை அதிகமாக ஏய்ப்பது புல்டஸ்ட். சாலையின் பெரிய பள்ளங்களில் டால்கம் பவுடரைப் போல நுண்ணிய தூசி நிரம்பி மட்டமாக நிற்கும். சுற்றிலும் கல்லும் வரியும் இருக்க, ஒரு திட்டு மட்டும் ஒரே நிறத்தில், கல்லே இல்லாமல் வழுவழுப்பாகத் தெரிந்தால் அங்கே வேகம் குறைக்க வேண்டும். அதன் அடியில் அரை மீட்டர்ப் பள்ளம் இருக்கலாம். பழைய சக்கரத் தடங்கள் ஓரிடத்தில் திடீரென்று சாலையை விட்டு விலகி, சுற்றிப் போய் மறுபடி சேர்ந்தால், முன்னே போனவர் எதையோ கண்டு அஞ்சியிருக்கிறார் என்று பொருள். நண்பகலில் நிழலே விழாது என்பதால் பள்ளமும் மேடும் ஒன்றாகத் தெரியும். மேற்கு நோக்கி மாலையில் ஓட்டினால் எதுவுமே தெரியாது.

இத்தனைக்கும் நடுவே, அவுட்பேக் ஓட்டுநர்களின் ஓயாத புலம்பல் குறுக்கு வரிகளைப் பற்றியது. காருகேஷன் என்பார்கள். சாலையின் அகலம் முழுக்க, அரை மீட்டர் ஒரு மீட்டர் இடைவெளியில், அலை அலையாக எழும்பும் மேடுகள். இவை ஏன் உண்டாகின்றன என்ற கேள்வி இயற்பியலாளர்களையும் விடவில்லை. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் கீத் மேதர் வட்டத் தடத்தில் ஒரு சக்கரத்தைச் சுற்றவிட்டு ஆராய்ந்து, 1960-களின் தொடக்கத்தில் முடிவுகளை வெளியிட்டார். 2007-இல் டபர்லே, மாரிஸ், மெக்எல்வெய்ன் ஆகிய மூவர் சுழலும் மணல் மேசை ஒன்றில் அதைத் திரும்பச் செய்தார்கள். வண்டியின் ஸ்பிரிங்தான் குற்றவாளி என்ற பழைய நம்பிக்கை அதில் அடிபட்டது. ஸ்பிரிங்கே இல்லாத சக்கரமும், சக்கரமே இல்லாமல் இழுக்கப்படும் ஒரு தகடும்கூட வரிகளை எழுப்பின. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே மணல் மட்டமாக இருந்தது; அதைத் தாண்டியதும் அலை பிறந்தது. குளத்தில் சில்லு எறிந்தால் தத்தித் தத்திப் போகுமே, ஏறக்குறைய அந்த விசைதான். அந்த எல்லை வேகமோ நடைவேகத்தை ஒட்டியது. அவ்வளவு மெதுவாக எவரும் ஓட்டப்போவதில்லை. ஆகவே வண்டி போகும் மண் சாலையில் வரி விழாமல் தடுக்க வழியே இல்லை.

விழுந்த வரியின் மேல் எப்படி ஓட்டுவது என்பதில் இரண்டு கட்சிகள். மணிக்கு 80 கிலோமீட்டரை ஒட்டிப் போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்காமல் மேட்டுக்கு மேடு தாவும், அதிர்வு குறையும் என்பது ஒரு கட்சி. இது உண்மைதான். ஆனால் தாவும் சக்கரம் பாதி நேரம் காற்றில் இருக்கிறது. பிரேக் போட்டாலும் திருப்பினாலும் பிடிமானம் இராது. சரளைச் சாலை வளைவுகளில் வண்டி கவிழ்ந்து கிடக்கும் கதைகளில் பல இந்தச் சுகமான வேகத்தில்தான் தொடங்குகின்றன. மற்றக் கட்சி, டயரில் காற்றைக் குறைத்து 50, 60-இல் போகச் சொல்கிறது. நான் இரண்டாம் கட்சி. தார்ச் சாலையில் 36, 38 பி.எஸ்.ஐ. வைத்திருக்கும் டயரைச் சரளையில் 28 அளவுக்கு இறக்கினால், டயரே ஒரு ஸ்பிரிங் ஆகிவிடும். கூர்க்கல்லின் மேல் ஏறும்போது ரப்பர் வளைந்து கொடுக்கும். மணலுக்கு 18-க்கும் கீழே போகலாம். இறக்கிய பிறகு வேகத்தையும் இறக்க வேண்டும், தார்ச் சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு சிறு கம்ப்ரஸரும் காற்றழுத்தமானியும் இருந்தால் ஆகிவிடும் வேலை. ஆயிரக்கணக்கான டாலருக்கு சஸ்பென்ஷன் மாற்றிவிட்டு, நகரத்தில் அடித்த காற்றோடு வந்து ஷாக் அப்சார்பரைக் கொதிக்கவைக்கிறவர்களை அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு நன்றாகத் தெரியும்.

வரிகளுக்கு மருந்து கிரேடர். சுரண்டி, நிரவி, ஈரம் இருந்தால் இறுக்கிவிட்டுப் போகும். தெற்கு ஆஸ்திரேலியாவில் மட்டும் ஏறக்குறைய 10,000 கிலோமீட்டர் அவுட்பேக் மண் சாலையைப் பராமரிப்புக் குழுக்கள் இப்படிப் பார்த்துக்கொள்கின்றன. வண்டியோடு வீட்டையும் இழுத்துக்கொண்டு சாலையோரத்திலேயே தங்கி வேலை செய்கிறவர்கள். அதனால் "சாலை எப்படி?" என்று கேட்பதைவிட "கிரேடர் எப்போது போனது, அதற்குப் பிறகு மழை உண்டா, கூட்டம் உண்டா?" என்று கேட்பதே பயன்தரும். செப்டம்பரில் பேர்ட்ஸ்வில் குதிரைப் பந்தயத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து போன மறுவாரம், அதே சாலை வேறு சாலையாக இருக்கும். புதிதாகக் கிரேடர் போன சாலையும் முழுக்க நம்பத்தக்கதில்லை. நடுவிலோ ஓரத்திலோ குவிந்திருக்கும் தளர்ந்த மண்வரப்பில் ஒரு பக்கச் சக்கரம் மட்டும் ஏறினால் வண்டி இழுத்துக்கொண்டு போய்விடும்.

தண்ணீருக்கு வந்தால், கண் முன்னால் தெரியும் வானத்தை வைத்து முடிவெடுக்க முடியாது. கூப்பர் கிரீக்கும் டயமண்டினாவும் ஜார்ஜினாவும் கடலை நோக்கிப் போகாமல் உள்நாட்டை நோக்கி, ஏர் ஏரிப் பக்கம் ஓடுகின்றன. குவீன்ஸ்லாந்தில் பெய்த மழை, அகலமான சமவெளியில் பல கிளைகளாகப் பரவி, நடைவேகத்தில் நகர்ந்து, பல வாரங்கள் கழித்துத் தெற்கே வந்து சேரும். அப்போது அங்கே நிர்மலமான நீல வானம், சாலையிலே தூசி. ஆனால் எதிரே ஆறு. கூப்பர் பெருகிப் பேர்ட்ஸ்வில் பாதையை மறிக்கும் ஆண்டுகளில் ஒரு சிறு படகில் வண்டிகளை ஏற்றிக் கடத்துகிறார்கள். 2025 மார்ச் இறுதியில் மேற்குக் குவீன்ஸ்லாந்தில் கொட்டிய மழை, பல ஊர்களில் 1974-இன் பெருவெள்ள அளவையும் மிஞ்சியது. அந்த நீர் வடிந்து தெற்கே இறங்கி, ஏர் ஏரியை நிரப்பியது பிந்தைய மாதங்களில். தார் போட்டால் இந்தத் தொல்லை தீரும் என்பதும் இல்லை. 2022 தொடக்கத்தில் பெய்த மழையில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையே நீரில் மூழ்கி, ரயில் பாதையும் அறுந்து, அந்த நெடுஞ்சாலையில் உள்ள கூபர் பீடி ஊருக்கு விமானப் படை உணவு கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஓடும் நீரைக் கடக்கலாமா என்பதில் அனுபவசாலிகளின் தன்னம்பிக்கையை நான் நம்புவதில்லை. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் நீராய்வுக் கூடத்தில் உண்மையான கார்களையே தொட்டியில் இறக்கிப் பார்த்தார்கள். ஒரு டன் எடையுள்ள சிறு கார், மணிக்கு 3.6 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வெறும் 15 சென்டிமீட்டர் நீரில் நகரத் தொடங்கியது. 60 சென்டிமீட்டரில் மிதந்தது. இரண்டரை டன் நிஸான் பேட்ரோல், அதே வேக நீரில் 45 சென்டிமீட்டரிலேயே நிலை தடுமாறியது. 95-இல் முழுக்க மிதந்தது. வண்டி பெரிதாக இருப்பதால் கிடைக்கும் கூடுதல் பாதுகாப்பு, ஏறத்தாழ ஓரடி ஆழம்தான். முதலில் நடந்து பார், பிறகு ஓட்டு என்ற பழைய அறிவுரை தெற்கே செல்லும். வடக்கே, கிம்பர்லியில் கிப் ரிவர் சாலை கடக்கும் பென்டகோஸ்ட் ஆற்றிலும், ககாடுவை ஒட்டிய கேஹில்ஸ் கிராஸிங்கிலும் நடந்து பார்க்கிறவரை முதலை பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே கரையில் உட்கார்ந்து, தன்னுடையதைப் போன்ற வண்டி ஒன்று கடப்பதைப் பார்த்துவிட்டு இறங்குவதுதான் முறை. அப்படி ஒன்றும் வராவிட்டால் கடக்காமலிருப்பது.

தகவல் எங்கிருந்து வருகிறது? மாநில அரசுகள் ஒவ்வொன்றும் தம் சாலைகளின் நிலையை அன்றாடம் வெளியிடுகின்றன. அறிவிப்பு நம்பகமானதுதான், ஆனால் அது பொதுவானது: 500 கிலோமீட்டருக்கு ஒரு சொல். மூடிய சாலையில் போனால் அபராதம் கடுமை. சில இடங்களில் சக்கரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிட்டுப் பலகையே வைத்திருக்கிறார்கள். காரவனை இழுத்துப் போகிறவருக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். இதைச் சுற்றுலாக்காரரின் உயிரைக் காக்கும் அக்கறை என்று பலர் எண்ணுகிறார்கள். பெருமளவு இது சாலையைக் காப்பது. ஈரக் களிமண்ணில் ஒரே ஒரு கனமான வண்டி போட்ட ஆழமான தடம், காய்ந்ததும் கல்லாகி, அடுத்த கிரேடர் வரும் வரை எல்லோர் அச்சையும் உடைத்துக்கொண்டிருக்கும். பள்ளிப் பேருந்தும் தபாலும் மருத்துவரும் அந்தத் தடத்தில்தான் போக வேண்டும்.

அரசுக்கு அடுத்தபடி, ரோடுஹவுஸ் எனப்படும் சாலையோரப் பெட்ரோல் நிலையங்களை நடத்துகிறவர்களும் அங்குள்ள போலீஸும். ஊட்னடாட்டாவில் பிங்க் ரோடுஹவுஸை நடத்திவந்த ஆடம் பிளேட், பாதை நெடுகத் தாமே எழுதிய அறிவிப்புத் தகரங்களை நட்டுவைத்தார். தூரம், திருப்பம், பார்க்க வேண்டிய இடம் எல்லாம் அதிலே. இத்தகையவர்கள் பெட்ரோல் போட வரும் ஒவ்வொரு டிரைவரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்பதால் அவர்கள் தகவல் சில மணி நேரம்தான் பழையது. எதிரே வருகிறவரிடம் ரேடியோவில் கேட்பது இன்னும் புதியது. நெடுஞ்சாலைகளில் லாரிக்காரர்கள் யு.எச்.எஃப். 40-ஆம் அலைவரிசையில் பேசுவார்கள். பல டிரெய்லர்களை இழுத்துச் செல்லும், 53.5 மீட்டர் நீளமுள்ள ரோடு ட்ரெயின் லாரி எழுப்பும் தூசிக்குப் பின்னால் எதுவும் தெரியாதபோது, முந்தலாமா என்று அந்த டிரைவரிடமே கேட்டுவிடலாம். பெரும்பாலும் நேர்மையாகச் சொல்வார்.

வாய்ச்சொல்லில் மூன்று விஷயங்களைப் பிரித்தெடுக்க வேண்டும்: எப்போது வந்தார், எதில் வந்தார், எங்கிருந்து வந்தவர். "ஒன்றும் பிரச்சினை இல்லை, கொஞ்சம் கரடுமுரடுதான்" என்று அங்கே பிறந்து வளர்ந்த பண்ணைக்காரர் சொன்னால், நகரத்திலிருந்து வந்தவர் அதைப் பெருக்கிக்கொள்ள வேண்டும். "உயிர் போய்விட்டது, திரும்பிவிடுங்கள்" என்று நகரத்துக்காரர் சொன்னால் வகுத்துக்கொள்ள வேண்டும். காரவன் இழுத்து வந்தவர் சொல்வதும் தனியே வந்தவர் சொல்வதும் ஒரே சாலையைப் பற்றியதாகவே இராது. தேதி தெரியாத புகைப்படத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. வெள்ளம் வடிந்த வாரத்தில் எடுத்த படத்தை ஓராண்டுக்குப் பிறகு பார்த்துப் பயணத்தை ரத்து செய்தவர்களும் உண்டு. அதைவிட மோசம், வறட்சிக் காலத்துப் படத்தைப் பார்த்து மழைக்குள் நுழைந்தவர்கள்.

எல்லாம் பார்த்தும் வண்டி நிற்கலாம். 1963 டிசம்பரில், பேர்ட்ஸ்வில் பாதையில் ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பம் வழி தவறியது, பெட்ரோல் தீர்ந்தது, காரை விட்டுவிட்டுத் தண்ணீர் தேடி நடந்தார்கள். ஐவரும் இறந்தார்கள். 1998 டிசம்பரில் ஏர் ஏரிக் கரையில் ஆஸ்திரியாவிலிருந்து வந்த ஓர் இளம் ஜோடியின் வாடகை வண்டி மணலில் சிக்கியது. இருவரும் வில்லியம் கிரீக் நோக்கி நடந்தார்கள். முடியாமல் வண்டிக்கே திரும்பியவர் பிழைத்தார். தொடர்ந்து நடந்த பெண் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் விழுந்தார். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி, ஒரே மாதம், ஒரே செயல். வானிலிருந்து தேடுகிறவர்களுக்குக் கார் தெரியும், மனிதர் தெரியமாட்டார். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 10 லிட்டர் என்று கணக்கிட்டுத் தண்ணீர் வைத்துக்கொண்டு, வண்டியின் நிழலில் அசையாமல் இருப்பதுதான் தப்பும் வழி. இன்று 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கருவி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே இடம் தெரிந்துவிடும். 1929-இல் ஆல்ஃப்ரெட் டிரேகர் செய்த மிதி ரேடியோவைக் காலால் மிதித்துக்கொண்டே விமானத்தில் வரும் 'பறக்கும் டாக்டரை'க் கூப்பிட்டவர்களின் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் வசதி. ஆனால் கருவி உதவியை வரவழைக்கும், உடனே வரவழைக்காது.

சிக்கிய வண்டியை இழுப்பதிலும் சாவு உண்டு. காரவன் மாட்டும் பந்துக் கொக்கியில் மீள்பட்டையைக் கட்டி இழுத்து, அந்த இரும்புப் பந்து தெறித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இழுப்பதற்கென்றே சட்டத்தில் பொருத்திய கொக்கியில் மட்டும்தான் கட்ட வேண்டும். பாலைவனத்துப் புல் காய்ந்து வண்டியடியில் அடைந்து, சைலன்சர் சூட்டில் தீப்பிடிப்பது மற்றொன்று. ஒவ்வொரு நிறுத்தத்திலும் குனிந்து பார்த்துவிட்டால் போதும்.

இவ்வளவும் சுற்றுலாக்காரரின் கோணம். இந்தச் சாலைகளிலேயே வாழ்கிறவர்களுக்கு இது சாகசமில்லை. லாவர்ட்டனிலிருந்து உலுரு அருகே யுலாரா வரை 1,100 கிலோமீட்டர் நீளும் கிரேட் சென்ட்ரல் சாலை தொல்குடிகளின் நிலத்தின் வழியே போகிறது. கடந்துபோக அனுமதிச் சீட்டு வேண்டும். அங்குள்ள ஊர்களுக்குக் கடைச் சரக்கும், சிறுநீரக நோயாளியின் மருத்துவப் பயணமும், துக்க வீட்டுக்குப் போவதும் எல்லாம் அதே செம்மண்ணில்தான், அதுவும் பழைய இரண்டு சக்கர இயக்க செடான்களில். 2001-இல் யுவெண்டுமு ஊரின் வார்ல்பிரி மக்கள் தயாரித்த 'புஷ் மெக்கானிக்ஸ்' தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். பஞ்சரான டயருக்குள் புல்லைத் திணித்து ஓட்டுகிறார்கள். நகைச்சுவைதான், ஆனால் எந்த மண்ணில் எவ்வளவு வேகம், எங்கே சுற்ற வேண்டும், எப்போது போகவே கூடாது என்ற அறிவு அதற்குள் நிறைய இருந்தது. விலையுயர்ந்த வண்டிகளின் விளம்பரத்தில் அந்த அறிவு வருவதில்லை.

இப்போது விவாதம் தாரைப் பற்றியது. குவீன்ஸ்லாந்தின் விண்டனிலிருந்து மேற்கு ஆஸ்திரேலியாவின் லாவர்ட்டன் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நீளும் அவுட்பேக் வே முழுவதற்கும் தார் போடும் வேலை படிப்படியாக நடக்கிறது. டனாமி சாலையிலும் அப்படியே. பழைய சாலையின் அழகு போய்விடும் என்று வருந்துகிற பயணிகளின் குரலுக்கு நான் அதிகம் செவிசாய்ப்பதில்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் துண்டிக்கப்படும் ஊர்க்காரரின் தேவை அதைவிடப் பெரிது. ஆனால் தார் வந்தபின் கேள்விகள் வேறாகும். பல இடங்களில் அந்தத் தார் ஒரு வண்டி அகலமே இருக்கும். எதிரே ரோடு ட்ரெயின் வந்தால் சிறிய வண்டி முழுதாகச் சரளையில் இறங்கி நிற்க வேண்டும். தார் விளிம்பு அங்கே கையளவு உயரம். வேலியில்லாத மாடுகள் இரவில் தாரின் சூட்டுக்கு வந்து படுக்கும், கங்காருக்கள் அந்தியிலும் விடியலிலும் குறுக்கே பாயும். மண் சாலையில் 70-இல் போனவர் இங்கே 110-இல் போவார். வாடகை நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பலவற்றில் இரவு ஓட்டத்துக்குக் காப்பீடு கிடையாது. மண் சாலைக்கும் பெரும்பாலும் கிடையாது என்பதால், கையெழுத்துப் போடுமுன் இரண்டு வரிகளையும் தேடிப் படித்துவிடுவது நல்லது.